தலைவிதியும் உள்ளாட்சி விதியும்



தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தலையில் எழுதியிருப்பதாகச் சொல்வது. இன்னொன்று, அரசிதழில் எழுதியிருப்பது. முதலாவதை யாராலும் படிக்க முடியாது, அழிக்கவும் முடியாது என்பார்கள். இரண்டாவதை மனிதர்கள்தான் எழுதினார்கள், மனிதர்கள்தான் திருத்துகிறார்கள், எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் படிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் வெகுநாள் வரை இந்த இரண்டு விதியும் ஒன்றாகவே இருந்தன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது, இரண்டுமே கேள்வி கேட்க முடியாதது என்றுதான் நினைத்திருந்தோம்.

தலைப்பைப் பார்த்து, ஏதோ ஆன்மிகக் கட்டுரை என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட வேண்டாம். இது கம்ப்யூட்டர் கட்டுரைதான். உள்ளாட்சி விதிகளைத் தேடித் தரும் மென்பொருளைப் பற்றியது. கொரியாவில் அது இருக்கிறது. நம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அது ஏன் வேண்டும், அதை நம்மைப் போன்ற டிப்ளமா மாணவர்கள் செய்ய முடியுமா என்பதுதான் என் பேச்சு.

எங்கள் வீட்டுக் கடுதாசிகள்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அரிசி மில்லில் லோடு மேன். அம்மா தள்ளுவண்டியில் பழம் விற்கிறாள். சாரல் சீசன் வந்துவிட்டால் வண்டி குற்றாலத்தில் நிற்கும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் வண்டி நிறைய இருக்கும். சீசன் முடிந்தால் கொய்யா, பப்பாளி, சப்போட்டா என்று வேறு ஊர்களுக்கு நகரும்.

வீட்டுக்கு எந்தக் கடுதாசி வந்தாலும் ஆறாம் வகுப்பிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்வேன். கரண்ட் பில், பேங்க் நோட்டீஸ், ரேஷன் கார்டு விவரம் எல்லாம் என் வேலை. 'பார்வையில் காணும் கடிதத்தின்படி', 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று வரும். எழுத்து எனக்குத் தெரியும், பாஷை தெரியாது. படிப்பறிவு வேறு, அலுவலகப் பாஷை வேறு என்று அப்போதே புரிந்துவிட்டது.

நான் டிப்ளமா முதலாண்டு சேர்ந்த வருஷம், ஒரு ஊரில் அம்மாவின் வண்டியைப் பழத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் இங்கே வேண்டாம். அது என் நோக்கமும் இல்லை. நானும் அம்மாவும் போய் நின்றோம்.

"ரூல்ஸ்படிதாம்மா எடுத்திருக்கோம்."

"எந்த ரூல்ஸுன்னு சொல்லுங்க ஸார். எம்மவ படிச்சுச் சொல்லுவா."

"அதெல்லாம் பெரிய புக்கும்மா. உங்களுக்குப் புரியாது. திங்கக்கிழமை வாங்க."

அன்றைக்கு வியாழன். திங்கட்கிழமை வண்டி திரும்பி வந்தது. பழம் வரவில்லை, வந்தது அழுகல்தான். 2,800 ரூபாய் முதல், அதுவும் வட்டிக்கு வாங்கினது. வழி நெடுக நான் புலம்பிக்கொண்டே வந்தேன். அம்மா வண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "விடு ஏட்டி. நம்ம விதி அம்புட்டுதான்."

சட்டம் சொன்னது என்ன?

பிராஜக்டுக்குத் தலைப்புத் தேடிய நாட்களில்தான் அந்தப் 'பெரிய புக்' என் கையில் கிடைத்தது. உண்மையில் அது பெரிய புத்தகமே இல்லை. தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வியாபார ஒழுங்குமுறைச் சட்டம், 2014. நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டம்.

அதன் 18-ஆம் பிரிவு, ஒரு வியாபாரியை இடம் மாற்றவோ வெளியேற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு பொருளைப் பறிமுதல் செய்வது பற்றியது. எடுத்த பொருளுக்குப் பட்டியல் போட்டு, கையெழுத்திட்ட நகலை வியாபாரியிடம் தர வேண்டும். கெடாத பொருளை, கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். அழுகும் பொருளானால் கேட்ட அன்றைக்கே தர வேண்டும்!

22-ஆம் பிரிவு நகர விற்பனைக் குழுவைப் பற்றியது. அந்தக் குழுவில் வியாபாரிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அதாவது, வண்டி எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்யும் மேசையில் என் அம்மாவைப் போன்ற ஒருத்திக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது சட்டம்.

அம்மாவிடம் விற்பனைச் சான்று இருந்ததா, வண்டி நின்ற இடம் விற்பனைக்குத் தடை செய்த இடமா என்பதெல்லாம் தனிக் கேள்விகள், நியாயமான கேள்விகளும்கூட. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே முதலில் சட்டம் கண்ணில் பட வேண்டும் அல்லவா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் விஷயத்தில் சுரைக்காய் நல்ல சுரைக்காய்தான். ஏடுதான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஏடு எங்கே இருக்கிறது?

இந்தச் சில வரிகளைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஏன் என்று சொல்கிறேன்.

உள்ளாட்சி விதி என்பது ஒரே புத்தகம் இல்லை. மாடி மாடியாகக் கட்டிய வீடு. அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்தன, அதுதான் அடித்தளம். அதன் மேல் கிராமங்களுக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. நகரங்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. வீடு கட்ட, 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவற்றுக்கு மேலே துறைவாரியான அரசாணைகள். எல்லாவற்றுக்கும் மேல் மாடியில், அந்தந்த மன்றத்தின் தீர்மானங்கள்.

இதில் ஆண்டுக் குழப்பம் வேறு. நகர்ப்புறச் சட்டத்தின் பெயரில் 1998 என்று இருக்கிறது. ஆனால் அது 2000-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரலில் புதிய விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அதுவரை நகராட்சிகள் 1920-ஆம் வருஷச் சட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் 2021-இல் அச்சான புத்தகத்தைப் பார்த்தால் ஒரு பதில். 2024-இல் பார்த்தால் வேறு பதில். எது இன்றைக்குச் செல்லும் என்று தெரியாமல் விதியைப் படிப்பது, போன வருஷ டைம்டேபிளைப் பார்த்துப் பரீட்சைக்குப் போவது போல!

இடக் குழப்பமும் உண்டு. தென்காசி நகராட்சி. அங்கிருந்து பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் குற்றாலம், அது பேரூராட்சி. சுற்றியுள்ள கிராமங்கள் ஊராட்சிகள். அம்மாவின் வண்டிச் சக்கரம் ஒரே நாளில் இரண்டு மூன்று உள்ளாட்சி எல்லைகளைத் தாண்டும். எல்லைக் கோடு ரோட்டில் தெரியாது. ரசீதுப் புத்தகம் மாறும்போதுதான் தெரியும். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்பட்டது. பழைய ஆவணங்களில் நம் ஊர்கள் எல்லாம் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். 'தென்காசி மாவட்டம்' என்று தேடினால் அவை கிடைக்காது.

இதற்கெல்லாம் சட்டமே வழி சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 என்றதும் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுவது மட்டும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதன் 4-ஆம் பிரிவு, அரசு அலுவலகங்கள் தங்கள் ஆவணங்களை வரிசைப்படுத்தி, அட்டவணை இட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றக்கூடியதை ஏற்றி, யாரும் மனுப் போடாமலே வெளியிட வேண்டும் என்கிறது. இதற்கு முன்பே, 1997-இல், இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடுதான். வெளியிட்டால் போதாது, தேடினால் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

கல்லில் எழுதிய உள்ளாட்சி விதி

புதிதல்ல என்று சொன்னேன். எவ்வளவு பழையது தெரியுமா? திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் ரோட்டில் மானூர் இருக்கிறது. அந்த ஊர்க் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், சுமார் கி.பி. 800-இல் வெட்டிய ஒரு கல்வெட்டு உண்டு. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் விதி அது. எந்தப் பேச்சு வந்தாலும் 'கூடாது, கூடாது' என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு அபராதம்! நம் மாணவர் பேரவைக் கூட்டத்துக்கும் அந்த விதி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சிலருக்குத் தோன்றலாம்.

காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் வருஷங்களைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகள், குடவோலை முறை, வயது 35 முதல் 70 வரை, கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்று எல்லாம் சுவரில் இருக்கிறது.

அன்றைய சபையில் நிலம் உள்ளவருக்கும் வேதம் படித்தவருக்கும்தான் இடம். என் பாட்டனுக்குப் பாட்டனை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விதியை அவர்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டவில்லை. ஊர் கூடும் இடத்தில், சுவரில் வெட்டினார்கள். விதி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு 'அந்தச் சுவரில்' என்று கை நீட்டிக் காட்டலாம்.

இன்றும் குற்றாலத்தில் அப்படி ஒரு விதி உண்டு. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் போடக் கூடாது என்பது. 2014-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அருவிக்கரையில் எழுதிப் போட்டிருப்பதால், சென்னையிலிருந்து வருகிறவருக்கும் தெரியும், கொல்லத்திலிருந்து வருகிறவருக்கும் தெரியும். பொதுமக்கள் எதைச் செய்யக் கூடாது என்ற விதிக்குப் போர்டு இருக்கிறது. அலுவலகம் எதைச் செய்தாக வேண்டும் என்ற விதிக்குப் போர்டு எங்கே?

கொரியாவில் என்ன செய்தார்கள்?

இப்படி ஒரு தேடு கருவி உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தபோதுதான் தென் கொரியா தட்டுப்பட்டது. சாம்சங்கும் ஹுண்டாயும் தெரிந்த நமக்கு அந்த நாட்டுப் பஞ்சாயத்துகள் பற்றி என்ன தெரியும்? நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அங்கே 1961-இல் ராணுவ ஆட்சி வந்ததும் உள்ளாட்சி மன்றங்களைக் கலைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து 1991-இல்தான் மன்றத் தேர்தல் திரும்ப வந்தது. மேயர்களையும் மாகாணத் தலைவர்களையும் மக்களே தேர்ந்தெடுத்தது 1995-இல். நம் தமிழ்நாட்டில் புதிய ஊராட்சிகள் சட்டப்படி தேர்தல் நடந்தது 1996-இல். ஏறக்குறைய ஒரே வகுப்பில் சேர்ந்தவர்கள்தான் நாமும் அவர்களும்.

2024-ஆம் வருஷக் கணக்கில் அங்கே 17 பெரிய உள்ளாட்சிகள், அவற்றின் கீழ் 226 அடிப்படை உள்ளாட்சிகள், மொத்தம் 243. மன்றம் இயற்றும் விதிக்கு 'ஜோரே' என்று பெயர். தலைவர் பிறப்பிக்கும் விதிக்கு 'க்யுச்சிக்'. குப்பை, பார்க்கிங், முதியோர் உதவித்தொகை, சந்தைக் கடை என்று ஊருக்கு ஊர் தனித்தனி விதி. ஆக, நமக்கு இருக்கும் குழப்பம் அவர்களுக்கும் உண்டு.

அவர்கள் செய்தது இதுதான். எல்லா ஊர் விதிகளையும் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். அந்நாட்டின் உள்துறை மற்றும் பாதுகாப்பு அமைச்சகம் உள்ளாட்சி விதிகளுக்கென்றே ஒரு தகவல் அமைப்பை நடத்துகிறது. சட்டமாக்க அமைச்சகம் தேசியச் சட்டத் தகவல் மையத்தை நடத்துகிறது. நாட்டுச் சட்டமும் ஊர் விதியும் அதில் தேடலாம். ஒரு விதியைத் திறந்தால், எப்போது இயற்றியது, எப்போதெல்லாம் திருத்தியது, எந்தப் பிரிவு அலுவலகம் பொறுப்பு என்று வரும். பழைய வடிவத்தையும் பார்க்கலாம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். அந்த மையம் தன் கதவை மனிதர்களுக்கு மட்டும் அல்ல, மென்பொருளுக்கும் திறந்து வைத்திருக்கிறது. இதைத்தான் நாம் ஏ.பி.ஐ. என்று படிக்கிறோம். பதிவு செய்துகொண்டால் வெளியார் எழுதும் புரோகிராமும் உள்ளே போய் விதிகளைக் கேட்டு வாங்கலாம். ஆகவே அங்கே ஒரு மாணவன் சொந்தமாகத் தேடு கருவி எழுதலாம். 'தெருக்கடை பற்றி எந்தெந்த ஊரில் என்ன விதி' என்று 243 ஊர்களையும் ஒப்பிடலாம். அரசு தரவைத் தருகிறது; மற்றவர்கள் கருவி செய்கிறார்கள். பந்தியில் சாதம் வைத்துவிட்டால் குழம்பு அவரவர் கைப்பக்குவம்!

இன்னொரு வரலாறும் அவர்களுக்கு உண்டு. சீன எழுத்து படித்த மேல்தட்டுக்கு மட்டுமே எழுத்தறிவு என்றிருந்த காலத்தில், சாதாரண சனங்களும் படிக்க வேண்டும் என்று சேஜோங் மன்னர் 1446-இல் 28 எழுத்துகள் கொண்ட புதிய எழுத்துமுறையை வெளியிட்டார். கொரியர்கள் இன்று விதி தேடுவது அந்த எழுத்தின் வாரிசில்தான்.

தேடுவது எப்படி? தமிழில் என்ன சிக்கல்?

நம் பாடப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் சொல்லடைவு இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் கொடுத்திருப்பார்கள். தேடு கருவியின் உயிர் அதுதான். ஆயிரம் ஆவணம் இருந்தாலும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகப் படிக்காது. முன்கூட்டியே பெரிய சொல்லடைவு போட்டு வைத்துக்கொள்ளும். நாம் லேபில் பயன்படுத்தும் எஸ்கியூலைட்டிலேயே எஃப்.டி.எஸ். 5 என்ற பகுதி இந்த வேலையைச் செய்கிறது. காசு கிடையாது.

ஆனால் தமிழுக்கு மூன்று மலைகளைத் தாண்ட வேண்டும்.

முதல் மலை, எழுத்துரு. யூனிகோடு வருவதற்கு முன் வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் ஏராளம். திரையில் பார்த்தால் 'கடை' என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். ஆகவே 'கடை' என்று தேடினால் 'இல்லை' என்று பதில் வரும்! தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தியவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். வெறும் படமாக ஸ்கேன் செய்தவை இன்னும் கஷ்டம். அதற்கு டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படிக்கும். ரப்பர் ஸ்டாம்ப் விழுந்த இடத்தில் அதுவும் திணறும்.

இரண்டாவது மலை, இலக்கணம். கடை, கடையை, கடைக்கு, கடையில், கடைகளின் என்று ஒரே சொல் பல உருவம் எடுக்கும். மரம் என்று தேடினால் 'மரத்தை' கிடைக்காது; ஏனென்றால் 'ம்' போய் 'த்து' வந்துவிடுகிறது. கொரிய மொழிக்கும் இதே குணம் உண்டு. அங்கே கடை 'ககே'. கடையில் என்றால் 'ககேயெசொ'. வேர்ச்சொல்லைப் பிரித்துத் தேட அவர்கள் தனி நிரல்கள் எழுதிவிட்டார்கள். நாமும் எழுதலாம். பத்தாம் வகுப்பில் 'உறுப்பிலக்கணம் எதுக்கு?' என்று முனகினோமே... இதுக்குத்தான்!

மூன்றாவது மலைதான் பெரிய மலை. அதுதான் பாஷை. அம்மா 'தள்ளுவண்டி' என்பாள். விதி 'தெரு வியாபாரம்' என்னும். நாம் 'வீட்டுத் தீர்வை' என்போம்; விதி 'சொத்து வரி' என்னும். 'பிளான் அப்ரூவல்' என்போம். அது 'கட்டட வரைபட அனுமதி'. 'வண்டிய தூக்கிட்டாங்க' என்பது சட்டத்தில் 'பறிமுதல்'. அம்மாவின் சொல்லும் சட்டத்தின் சொல்லும் சந்திக்காமலே இரண்டும் தமிழாக இருக்கின்றன. அதிலும் மத்தியச் சட்டத்தின் மூலம் ஆங்கிலத்தில். ஆக, எவ்வளவு வேகமான கருவியாக இருந்தாலும், சட்டச் சொல் தெரிந்தவருக்கு மட்டும்தான் பதில் சொல்லும் என்றால், அது ஏற்கெனவே தெரிந்தவருக்கே திரும்பச் சொல்லும் கருவி. எங்களைப் போன்ற வீட்டுக்கு அதனால் என்ன பயன்?

நாங்கள் செய்துகொண்டிருப்பது

எங்கள் பிராஜக்ட் டீமில் மூன்று பேர். உலகத்தையே புரட்டப் போகிறோம் என்று சொல்லவில்லை. தெரு வியாபாரச் சட்டம், சொத்து வரி, குடிநீர் இணைப்பு, பிறப்பு இறப்புப் பதிவு என்று நான்கே பொருள்களை எடுத்துக்கொண்டோம். பைத்தானில் எழுதி, எஸ்கியூலைட்டில் சேர்த்திருக்கிறோம். சட்டப் பிரிவுகளை வரிவரியாக உட்கார்ந்து அடித்தோம். ஒவ்வொன்றுக்கும் வருஷம், பிரிவு எண், எங்கிருந்து எடுத்தது என்ற விவரம் உண்டு.

நேரம் அதிகம் பிடித்தது புரோகிராமுக்கு அல்ல, அகராதிக்கு. வீட்டுச் சொல் ஒரு பக்கம், சட்டச் சொல் எதிர்ப் பக்கம். அதற்காக நாங்கள் லைப்ரரிக்குப் போகவில்லை. குற்றாலத்து வண்டிக்காரர்களிடம், எங்கள் தெருப் பெண்களிடம், டீக்கடையில் மனு எழுதித் தரும் பெரியவரிடம் போனோம். 'இதை நீங்க எப்படிச் சொல்வீங்க?' என்று கேட்டு நோட்டில் எழுதினோம். 'வரி போடுறது', 'பேரு மாத்துறது', 'குழாய் இழுக்கிறது'... நோட்டு நிரம்பிவிட்டது.

இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாலே எல்லாம் சொல்லுமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லும், சரளமாகவும் சொல்லும். ஆனால் இல்லாத பிரிவு எண்ணையும் அதே சரளத்தோடு சொல்லிவிடும் ஆபத்து உண்டு. தப்பான பிரிவைச் சொல்லிக்கொண்டு அம்மா ஒரு மேசை முன்னால் போய் நின்றால், அவளுக்கு இரண்டாவது முறை வாய் திறக்கத் துணிவு வராது. அதனால் எங்கள் கருவி பதிலை இட்டுக்கட்டாது. மூலப் பத்தியை அப்படியே எடுத்து வைக்கும். கீழே எளிய தமிழில் விளக்கம். கிடைக்காவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று சொல்லும். இது வக்கீலுக்கு மாற்று இல்லை என்றும் முதல் திரையிலேயே எழுதியிருக்கிறோம்.

போன மாதம் அம்மாவிடம் போனைக் கொடுத்து, "நீயே கேளும்மா" என்றேன். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'வண்டிய தூக்கிட்டாங்க பழம் அழுகிட்டு'. 19-ஆம் பிரிவு முதல் வரியில் வந்தது. வாசித்துக் காட்டினேன். அழுவாளோ, கோபப்படுவாளோ என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. "ஏட்டி, இத ஒரு தாளுல பெருசா எழுதிக் குடு. வண்டியில வச்சுக்கிடுதேன்" என்றாள். லேமினேட் செய்து கொடுத்தேன். தராசுக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து வண்டிக்காரர்களுக்காகப் பதினொரு நகல் போட்டாயிற்று.

தோழர்களே, தோழியரே! ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த வேலை கம்ப்யூட்டர் பிரிவுக்கு மட்டும் சொந்தமில்லை. சிவில் நண்பர்களே, கட்டட விதிகளில் 'தளப்பரப்புக் குறியீடு' என்றால் என்ன என்று கொத்தனாருக்குப் புரிகிற தமிழில் எழுதித் தாருங்கள். எலக்ட்ரிகல் நண்பர்களே, தெருவிளக்கு எரியாவிட்டால் யார் பொறுப்பு என்ற விதியைத் தேடிப் பிடியுங்கள். செங்கோட்டையிலிருந்து, சுரண்டையிலிருந்து, புளியங்குடியிலிருந்து வருகிற எல்லோரும் உங்கள் வீட்டில் புழங்கும் சொற்களை ஆளுக்குப் பத்து எழுதித் தாருங்கள். உங்கள் ஊர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பதைப் போனில் படம் எடுத்துத் தாருங்கள். எங்களுக்கு அடுத்து வரும் ஜூனியர்கள் இதைத் தொடர வேண்டும் என்று மூல நிரலையும் அகராதி நோட்டையும் எங்கள் டிபார்ட்மென்ட் லேபில் வைத்துவிட்டுப் போகிறோம். ரெக்கார்டு நோட் மாதிரி பரண் மேல் போட்டுவிடாதீர்கள்.

நம்மில் பாதிப் பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. வேலை கிடைத்துச் சம்பளம் வர இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்பே, கற்ற வித்தையால் வீட்டுக்கு ஒன்று செய்ய முடியும். 'ரூல்ஸ் அப்படி' என்று யாராவது சொன்னால், 'எந்த ரூல்ஸ், எந்த வருஷம், எந்தப் பிரிவு?' என்று மரியாதையாகக் கேட்கும் தைரியத்தை நாம் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

அகராதி நோட்டு லேபில், ஜன்னல் ஓர மேசையில் இருக்கிறது. பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

— இறுதியாண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு